இருட்டுப் பெட்டிக்கு ஒரு பொட்டு

எங்கள் மேனேஜர் ஹரிபிரசாத்துக்குப் பக்தி அதிகம். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் 2003 ஆயுத பூஜையன்று, ரஞ்சன்காவ் ஃபேக்டரி லேபில் இருட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கண்ணாடியில் குழைத்த மஞ்சளை அப்பிவிட்டார். சாமி படத்துக்கே நெற்றியில்தான் பொட்டு வைப்பார்கள். இவர் கண்ணிலேயே வைத்தார்.

அந்தக் கண்ணாடி வழியாகத்தான் மெஷின் பார்க்கும். பெட்டிக்குள் ஒரு மருந்துக் கலவை, நம் கண்ணுக்கே எட்டாத மெல்லிய நீல வெளிச்சம் விடும். உணவுச் சாற்றை அதில் விட்டால் வெளிச்சம் குறையும். எவ்வளவு குறைகிறதோ அந்த உணவில் அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட். எங்கள் ஹெல்த் பவுடர் ஆறு மாதமாக அதை அசைக்கவே இல்லை. கேன்டீன் டீ கூடப் பாதியாகக் குறைத்தது.

தசரா லீவு முடிந்து பவுடரை வைத்தேன். தொண்ணூற்றிரண்டு சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. ஹரிபிரசாத் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தேன்.

“சார், தண்ணிக்கும் தொண்ணூத்தொண்ணு காட்டுது. வெளிச்சத்தை மஞ்சள் மறைச்சிருக்கு. துடைச்சிட்டு மறுபடி பார்க்கணும்.”

“பூஜை போட்டதைத் துடைக்கறதுங்களா, ஜெரால்டின்? தீபாவளிக்கு டப்பா கடைக்குப் போகோணுமுங்க. உங்களைப் பர்மனன்ட் பண்ற பேப்பரும் எம்பட மேசைமேலதான் இருக்குது. நீங்க ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடுங்க, நான் அதுல போட்டுடறேன்.”

நாலு வருடமாகக் கான்ட்ராக்டில் கிடக்கிறவள் நான். வாய் மட்டும் காது வரை. பேனாவை நீட்டியதும் மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் வேறு வாங்கிக்கொண்டு போனேன், மானங்கெட்டவள்.

தீபாவளி முடிந்த வாரம், விஷ்ராந்த்வாடி வீட்டில் அப்பா டம்ளரில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். மேசையில் எங்கள் பவுடர் டப்பா மூன்று.

“உன் லேப்ல பாஸான மால்தானேம்மா? என் மக டெஸ்ட் பண்ணினதுன்னு சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஜெபமணி அங்கிள்கூட ரெண்டு டப்பா வாங்கிட்டார். சுகர் மாத்திரை நேத்தோட பந்த்.”

மாத்திரை அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“மாத்திரையை நிறுத்தாதீங்கப்பா. டப்பாவில போட்டிருக்கிற தொண்ணூத்திரண்டு சதவீதம் பொய்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “பொய்யா? யாரு சொன்ன பொய்?”

“நான் சொன்னது” என்றேன்.