மீனுக்கு ஏற்ற போன்

புரட்டாசி பிறந்துவிட்டால் திண்டிவனத்தில் பாதி வீடுகளுக்கு மீன் வாசனையே ஆகாது. பதினோரு மாதம் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசிய அதே அம்மாக்கள், ஜெயத்தின் கூடை தெருமுனையில் தெரிந்தாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஜெயம் இதற்கெல்லாம் மனசு விடுகிற ஆள் இல்லை. மரக்காணத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து முப்பது வருடமாக முதல் பஸ்ஸில் வந்து வீடு வீடாக மீன் விற்கிறாள். ஐப்பசி முதல் ஞாயிறு அன்று அந்தக் கதவுகள் எப்படித் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் இரண்டாயிரத்துப் பதினேழாம் வருடப் புரட்டாசியில் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. சின்னக்கண்ணு என்றொருவன் குட்டியானை வண்டியில் ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு மீன் வியாபாரத்துக்குக் கிளம்பியிருந்தான். விடியும் முன்பே அன்றைய மீனைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான். ஜெயத்துக்கு வாடிக்கை பத்தொன்பது வீடு. அதில் மூன்று ஏற்கெனவே அவன் பக்கம் போய்விட்டன. அதிலும் செஞ்சி ரோட்டுக் கிருஷ்ணவேணி அம்மா வீடு கூட்டுக் குடும்பம், ஒரு வேளைக்கு நான்கு கிலோ வாங்குகிற வீடு.

அந்த வீடுகள் போனதற்கு சின்னக்கண்ணுவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெயத்தின் பழைய பட்டன் போன் நம்பர் அவள் தம்பி பெயரில் இருந்தது. மனைக்கட்டுத் தகராறில் தம்பி முறுக்கிக்கொண்டு ஆவணியில் அந்த நம்பரை நிறுத்திப்போட்டான். பத்து நாள் வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை, சின்னக்கண்ணு கிடைத்தான். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்குள் படம் அனுப்பும் போன் ஒன்றும், யாரும் பிடுங்க முடியாத நம்பர் ஒன்றும் கைக்கு வராவிட்டால் மிச்சமுள்ள பதினாறும் கைவிட்டுப் போகும். அறுபத்திரண்டு வயதில் புது வாடிக்கை பிடிக்க அவளால் ஆகாது.

ஆகவே ஒரு புதன்கிழமை பகலில், மருமகள் சங்கவியைக் கூட்டிக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆரோக்கிய ஜெனித்தின் போன் கடைக்குள் நுழைந்தாள். இடுப்பில் கூடை. கூடையில் விற்காமல் மிஞ்சிய இரண்டு சங்கரா மீன். கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கவர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாங்காமலே வெளியேறினார்கள்.

"வாங்க ஆயா, இன்னா மாடல் பாக்கிறீங்க?" என்றான் ஜெனித். நல்ல பையன், முகம் சுளிக்கவில்லை.

"மொதல்ல ஆயாங்கிறத வுடு தம்பி. போன காட்டு."

அவன் ஒன்பதாயிரத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தான். தங்க நிறம், பளபளப்பு. சங்கவியின் கண் அதிலேயே நின்றுவிட்டது. மாமியாருக்குப் போன் பழகாது, ஒரு மாதத்தில் நம் கைக்கு வந்துவிடும் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். இதை ஜெயம் அறியாதவள் இல்லை. கண்டும் காணாதது போல இருந்தாள்.

"இதுல கேமரா சூப்பரா இருக்கும்மா. பதிமூணு மெகாபிக்சல்."

"அது கெடக்கட்டும். இத்த புடிச்சிக் காட்டு," என்று ஜெயம் ஒரு சங்கராவைத் தூக்கிக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

ஜெனித் மேசையைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், பெருமூச்சு விட்டுவிட்டுப் படம் எடுத்தான். திரையில் சங்கரா குங்குமம் அப்பினதுபோல் ஜொலித்தது. கண் பளிங்கு. சங்கவி "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு அத்த" என்றாள்.

ஜெயம் போனைக் கையில் வாங்கினாள். படத்தையும் மீனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஏம்பா, இது விடியக்காலம் வலையிலேர்ந்து எறங்கினது. மணி இப்ப பன்னெண்டு ஆவுது. கண்ணு மங்கிப்போச்சின்னு எனக்கே தெரியுது. இந்தப் போனுக்கு மட்டும் ஏன் தெரியல?"

"அது பியூட்டி மோடும்மா. அதுவே கொஞ்சம் கலர் ஏத்திக்கும்."

"மீனுக்கு எதுக்கு பியூட்டி? படத்துல ஒண்ணு, கூடையில ஒண்ணு இருந்தா வூட்டுக்காரம்மா என்ன வாசல்ல நிக்க வுடுவாங்களா? பொய் சொல்லாத போனா ஒண்ணு குடு."

மூன்று போன் பார்த்தாகிவிட்டது. நான்காவது ஐயாயிரத்து எண்ணூறு. கறுப்பு, கொஞ்சம் தடிமன். அதில் மீன் மீனாகவே இருந்தது, மங்கிய கண் மங்கியே தெரிந்தது. அதைத் தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தாள். விழுப்புரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது பாட்டு வைக்கச் சொல்லிக் காதில் விழுகிறதா என்று பார்த்தாள். எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும் என்பதால் பேசி அனுப்பும் பட்டன் எங்கே என்று கேட்டு, இரண்டு தரம் பேசியும் பார்த்தாள். சங்கவிக்கு முகம் தொங்கிவிட்டது.

பிளான் விஷயத்தில் ஜெனித்துக்கு வேலையே வைக்கவில்லை. அவன் மலிவாக ஒன்றைச் சொன்னதும் தலையை ஆட்டினாள்.

"அது எங்க கரையில எடுக்காது தம்பி. ஒரு வாரமா படகுக்காரன் ஒவ்வொருத்தனயும் போன தூக்கிக் காட்டச் சொல்லிப் பாத்துட்டேன். ஏலம் போடுற எடத்துல எது மூணு கோடு நிக்குதோ, அத்தக் குடு. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி போடுறாப்பல இருந்தா போதும், மாசாமாசம் பேஜாரு வாணாம்."

எண்பத்துநான்கு நாளுக்கு ஒரு பிளான் இருந்தது. எல்லாம் பொருந்தி வந்தது. சிம் கொடுக்க விரல் வைக்கச் சொன்னான் ஜெனித்.

வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி சிவப்பு. பத்து விரலும் பார்த்தாயிற்று, ஒன்றுகூட ஏறவில்லை. முப்பது வருட ஐஸும் உப்பும் மீன் முள்ளும் சேர்ந்து விரல் நுனியை வழவழவென்று ஆக்கியிருந்தன. மீன் கழுவிய ஈரம் வேறு.

"ரேகையே இல்லம்மா," என்றான் ஜெனித் சங்கடத்தோடு. "அக்கா பேர்ல போட்டுடலாமா?"

சங்கவி முந்திக்கொண்டு கையை நீட்டினாள். ஜெயம் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"தப்பா நெனைக்காதடி. நீ நல்லவதான். என் தம்பியும் நல்லவனாதான் இருந்தான். என் நம்பரு என் பேர்ல இருக்கணும்."

சங்கவி மாமியாரின் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். "எத்தினி நாள் தண்ணி படாம இருந்தா ரேகை வரும்?" என்று ஜெனித்தைக் கேட்டாள். பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றான். புரட்டாசிதானே, வியாபாரமும் பாதிதான், பார்த்துக்கொள்ளலாம் என்றாள் சங்கவி. ஜெயத்துக்கு அவள்மேல் திடீரென்று பிரியம் பொங்கியது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் முதல் கூத்துதான். புரட்டாசியிலும் மீன் எடுக்கிற, சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடுகள் ஐந்து இருந்தன. கூடையைச் சங்கவி சுமந்தாள், மீனைச் சங்கவி தொட்டாள், ஜெயம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் வியாபாரம் செய்தாள். ஜாக்குலின் டீச்சர் வீட்டு வாசலில் சங்கவி வஞ்சிரத்தைத் துண்டு போட்டபோது டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஏன் ஜெயம், உம் மருமவ மீன் வெட்டுறாளா, வெறகு பொளக்கிறாளா?"

"பழகிடுவா டீச்சரம்மா. நீங்க கொழம்புல போட்டுட்டா துண்டு எப்படி இருந்தா இன்னா?"

வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் விடவில்லை சங்கவி. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஜெயம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆனதற்குப் பிறகு அவள் கை இப்படிச் சும்மா இருந்ததே கிடையாது. முதல் மூன்று நாள் சீக்கு வந்தவள்போல் தவித்தாள். நாலாம் நாள் இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

பதினைந்தாம் நாள் காலை, ஜெனித் கடை திறந்து ஊதுவத்தி கொளுத்தும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். முதல் போணியை எந்தக் கடைக்காரனும் திருப்பி அனுப்பமாட்டான் என்பது ஜெயத்துக்குத் தெரியாததா? கவரும் கண்ணாடி ஸ்டிக்கரும் சும்மா கொடுத்தால்தான் பெட்டியைத் தொடுவேன் என்றாள். சிரித்துக்கொண்டே கொடுத்தான். பிறகு விரல் வைத்தாள். கட்டை விரல் சிவப்பு. ஆள்காட்டி சிவப்பு. இடது கை மோதிர விரல் பச்சை.

ஜெயத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஏசி காத்து ஒத்துக்கல" என்றாள். ஜெனித்தும் ஆமாம் என்றான்.

தீபாவளி முடிந்த ஞாயிறு, ஐப்பசியின் முதல் ஞாயிறு. விடியற்காலை கரையில் ஏலம் முடிந்ததும் மீனைக் குவித்துவைத்துப் படம் எடுத்தாள். சங்கவி எட்டிப்பார்த்துத் தலையில் கை வைத்தாள். ஒரு படத்திலும் முழு மீன் இல்லை. ஒவ்வொன்றிலும் செவுளைத் தூக்கிப் பிடித்த கட்டை விரலும், உள்ளே ரத்தச் சிவப்பும் மட்டும்தான்.

"அத்த, இது இன்னா மீனுன்னு யாருக்குத் தெரியும்?"

"பேர நான் வாயால சொல்றேன். வாசல்ல அவங்க பாக்கிறது செவுளத்தான?"

பேசியும் அனுப்பினாள். வஞ்சிரம் இருக்கு, சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு, ஏழரைக்குள்ள வந்துடுவேன், இது இனிமே என் நம்பரு. பத்தொன்பது வீட்டுக்கும் அனுப்பினாள். போன மூன்றையும் விடவில்லை.

சங்கவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறும்போது போன் டிங் டிங்கென்று அடிக்கத் தொடங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காதில் வைத்தாள். டீச்சருக்கு ஒரு கிலோ வஞ்சிரம், ஜெயமே வெட்டித்தர வேண்டுமாம். அடுத்த வீட்டுக்கு நெத்திலி. பாதி வழியில் வந்தது கிருஷ்ணவேணி அம்மாவின் குரல். "ஏன் ஜெயம், எங்கதான் போய்த் தொலஞ்ச இத்தினி நாளா? அவன் மினுமினுன்னு படம் போட்டுட்டு ஐஸ் மீனக் குடுக்கிறான். செவுளப் பாத்ததும் நீதான்னு தெரிஞ்சிடுச்சி. நாலு கிலோ எடுத்து வை, வேற யாருக்கும் குடுத்துடாத."

அதை மூன்று தரம் கேட்டாள். கூடையில் இருந்த மீன் எல்லாம் ஊர் போய்ச் சேருவதற்குள்ளேயே விற்றுப்போயிருந்தது. எந்த வீட்டில் வாங்குவார்கள், எந்த வீட்டில் வேண்டாம் என்பார்கள் என்று முப்பது வருடமாக ஒரு மணி நேரம் மனசுக்குள் கணக்கு ஓட்டிக்கொண்டு வந்த பஸ் அது. அன்று ஓட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஜெயம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

திண்டிவனத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து பார்த்தார். ஜெயம் வாயைத் திறந்தபடி நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.