ஏரி தெரியும் அறை

"மேடம், உங்க ரூம் போட்டாச்சு," என்றார் பயணம். எங்கள் அலுவலகத்தில் டிக்கெட், தங்குமிடம் எல்லாம் பார்ப்பவர். பயணம் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போய்விட்டது.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த ஹோட்டல்?" என்றேன்.

"ஏரிக்கரைதான். அமைதியா இருக்கும். சார்கிட்டயும் கேட்டுட்டேன்."

"எந்த சார்?"

"உங்க வீட்டு சார்."

கண்ணை எடுத்தேன். அவர் முகத்தில் நல்ல காரியம் முடித்த களை.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு நான் தலைமை. வெளியூரில் நடக்கும் குடிநீர் மாநாட்டுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து போகிறவர்களில் நான் ஒருத்திதான் பெண். தங்க இரண்டு ஹோட்டல்கள். ஒன்று மாநாட்டு மண்டபத்தோடு ஒட்டியது. இன்னொன்று ஊர்க்கோடியில், ஏரியைப் பார்த்தபடி இருப்பது. எது வேண்டும் என்று ஆண்களிடம் அவரவரிடமே கேட்டிருக்கிறார் பயணம். எனக்கு மட்டும், அவசரத்துக்கென்று நான் கொடுத்துவைத்திருந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். பெண் ஊழியர் வெளியூர் போனால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது இங்கே எழுதாத வழக்கம். அதற்குக் கண்ணியம் என்று பெயர்.

போன மாநாட்டிலும் என்னை இப்படித்தான் தொலைவில் ஒரு ஹோட்டலில் போட்டிருந்தார்கள். காலையில் வண்டி வந்து, நெரிசலில் நின்று, நான் போய்ச் சேர்ந்தபோது காலைச் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடிநீர்த் தொட்டி ஆய்வு, நான் திட்டம் வரைந்து கொடுத்த ஆய்வு, அதற்கான குழு அந்த மேஜையிலேயே அமைந்துவிட்டிருந்தது. என் இடத்தில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட உதவியாளர். "நீங்க இல்லையே மேடம், இருந்தவரைச் சேர்த்துட்டோம்," என்றார் மேலதிகாரி. பந்திக்கு முந்தச் சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

இந்த முறை புதிய நீர்த்தேக்கத்துக்கான குழு. அதில் நான் இருந்தாக வேண்டும்.

வீட்டில் கணவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவரோடு சண்டை போடுவது எத்தனையோ சுலபம்.

"ஏங்க, எனக்கு ரூம் நீங்களா முடிவு பண்ணினீங்க?"

"ஆமா. உனக்குத்தான் சத்தம் ஆகாதே. ஏரி தெரியற ரூமா கேட்டு வாங்கினேன்."

"என்னை ஏன் கேக்கலை?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே? இதைத்தானே?"

சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. தண்ணீரைப் பார்த்தபடி விழித்தெழும் ஒரு காலையை நான் எத்தனை நாளாக ஆசைப்பட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். என் ஆசையை எனக்கு முன்பே அவர் எடுத்துச் சொல்லிவிட்டதால் இனி அதை நான் ஆசைப்படக்கூட முடியாது. அதைத் தூக்கி எறிய வேண்டும். அந்தக் கோபம் யார்மேல் என்று பிரித்துப் பார்த்தேன். பாதி என்மேலேயே இருந்தது, அதுவும் கோபமூட்டியது.

அதற்குள் நாத்தனாரின் போன். அந்த ஏரிக்குப் பக்கத்துத் தெருவில்தான் அவர் வீடு.

"தம்பி சொன்னான். ஹோட்டல் பேருக்கு இருக்கட்டும். சாயந்திரமானா இங்க வந்துடு. மெத்தை உறைகூட மாத்திட்டேன்."

"மாநாடு இருக்கு, அண்ணி."

"அது பகல்லதானே? ராத்திரியில அங்க உக்காந்து என்ன பேசப்போறாங்க?"

ராத்திரியில் பேசுவதுதான் மாநாடு, பகலில் அதற்குக் கைதட்டுவார்கள் என்று எப்படிச் சொல்ல? "பாக்கறேன் அண்ணி," என்று வைத்தேன்.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறே?" என்றார் கணவர். "ஒரு போன் போட்டு மாத்தச் சொல்லிடறேன். ரெண்டு நிமிஷம்."

"நீங்க சொல்லி மாறுற ரூம் எனக்கு வேண்டாம்."

"ஏரி ரூமும் வேண்டாம், மாத்தித் தர்ற ரூமும் வேண்டாம். அப்ப பெட்டியை வச்சுக்கிட்டு நடுரோட்டுலயா படுக்கப்போறே?"

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று ராத்திரி முழுவதும் நான் மன்னிக்காதது அந்தச் சிரிப்பைத்தான்.

காலையில் பயணத்தின் மேஜை முன் போய் நின்றேன்.

"மண்டபத்து ஹோட்டலுக்கு மாத்துங்க."

"சார் மனசு மாறிட்டாரா?"

"சார் வரலை. நான் போறேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அங்க ராத்திரி ஒரே கூட்டம். நாளைக்கு ஒண்ணுன்னா என் தலைதான் உருளும். சார் ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"இந்த ஊர்த் தண்ணியைக் குடிக்கலாம்னு கையெழுத்துப் போடறது யாரு?"

"நீங்கதான்."

"அதுக்கும் எங்க வீட்டுல கேட்டுக்கறீங்களா?"

பக்கத்து மேஜைக்காரர் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பயணம் போனை எடுத்தார், பேசினார், போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ரூம்தான் இருக்காம். லிப்ட்டை ஒட்டி. விடிய விடியச் சத்தம் இருக்கும்னு அவங்களே சொல்றாங்க. எதுக்கும் சார்கிட்ட..."

கையை நீட்டினேன். கொடுத்தார். "நான்தான் தங்கப்போறவ. அந்த ரூமையே போடுங்க," என்றேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், "சரிங்க மேடம்," என்றது. அவ்வளவுதான். இதற்கா நேற்றிலிருந்து இத்தனை பாடு?

கூடத்துக்குத் திரும்பினேன். அந்த அறையில் எனக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் விடிந்ததும் முதல் ஆளாகச் சாப்பாட்டு மேஜையில் இருப்பேன்.

உதவியாளர் கதவருகே வந்து நின்றார். போன முறை என் இடத்தில் உட்கார்ந்தவர்.

"மேடம், ஏரி ரூமை விட்டுட்டீங்களாமே? நான் எடுத்துக்கட்டுமா? நல்லாத் தூக்கம் வரும்னாங்க."

"எடுத்துக்குங்க. ஆனா காலையில வண்டி லேட்டாகும். எல்லாம் பேசி முடிச்சுடுவாங்க," என்றேன். எச்சரிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

"அது பரவாயில்லை மேடம். மேலதிகாரிகிட்ட இப்பவே சொல்லிட்டேன்," என்றார், கொஞ்சமும் கபடமில்லாமல். "நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்க மாட்டாங்களாம்."