துணைக்கு நிற்கும் புள்ளி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறி வரவில்லை. ஒரு சாவியைக் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது.

1997, ஆடி மாதம். பக்கத்து வீட்டு கிளாடிஸ் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவள். வீட்டுச் சாவியை எங்கள் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனால், கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலுக்குள்கூட நான் அவ்வளவு பயபக்தியாக நுழைந்ததில்லை.

திரையில் அவள் கணக்குப் போட்டு ஓடவிட்டிருந்த ஒரு சாலை. அவிநாசி சாலை என்றாள், நம்பினேன். வெள்ளைக் கட்டங்கள் வண்டிகளாம், பச்சைப் புள்ளிகள் ஜனங்களாம். ஒரு புள்ளி மட்டும் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தது.

"ஏனம்மணி, அது ஏன் நின்னுட்டே இருக்குது?"

"அதைத்தானுங்ணா நானும் பாத்துட்டு இருக்கறேன்."

2

முதல் தொடக்கம்: "கோவை மாநகரின் வாகன நெரிசல் நாளுக்கு நாள்..." (இது கட்டுரை. வேண்டாம்.)

இரண்டாம் தொடக்கம்: "அந்தப் பச்சைப் புள்ளிக்குக் கனகம் என்று பெயர்."

இது இருக்கட்டும். கனகம் மில்லில் வேலை பார்க்கிறாள். மில் சாலைக்கு இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். வீட்டில் மாமியார் பொன்னாத்தாளிடம் கைக்குழந்தை. மத்தியான இடைவேளையில் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வர வேண்டும்.

(மில்லிலேயே குழந்தைகளுக்கு ஓர் அறை இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. அதில் பஞ்சுப் பொதிகளை அடுக்கியிருக்கிறார்கள். மில்லைக் கட்டியதும் நான்தான், பழியை என் மேலேயே போடுங்கள்.)

சாலை நடுவே தடுப்புச் சுவர். மில் வாசலுக்கு நேரே அதில் ஓர் இடைவெளி. அதை விட்டு வைப்பதா, மூடுவதா என்று அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். கிளாடிஸின் புள்ளிகள்தான் பதில் சொல்ல வேண்டும். மூடிவிட்டால் கனகம் எங்கேயோ போய்ச் சுற்றி வர வேண்டும். அதற்குள் இடைவேளை முடிந்துவிடும். ஒன்று வேலை போகும், இல்லை குழந்தை பட்டினி கிடக்கும்.

3

கிளாடிஸ் வைத்திருந்த வெளிநாட்டுப் புத்தகத்தில் நடப்பவன் தனி ஆள். வண்டிகளுக்கு நடுவே போதிய இடம் கிடைத்தால் போவான், கிடைக்காவிட்டால் நிற்பான். நம் ஊரில் யார் அப்படித் தாண்டுகிறார்கள்? பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்பார். "ஏனுங்க, தாண்டறீங்களா?" என்போம். அவர் தலையாட்டுவார். இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். லாரிக்காரர் திட்டிக்கொண்டே நிறுத்துவார். அந்தப் பக்கம் போனதும் அவர் யாரோ, நாம் யாரோ. எந்த நொடியில் இறங்குவோம் என்பது நமக்கே தெரியாது.

கிளாடிஸும் தினமும் அப்படித்தான் தாண்டுகிறாள். அதனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் புது விதி எழுதினாள்: துணை வரும்வரை நில், வந்ததும் தாண்டு. துணை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டாள். உற்றுப் பார்த்தால் எதிர்ப்பக்கமும் ஒரு புள்ளி நின்றுகொண்டிருந்தது. அது வரட்டும் என்று இது நிற்க, இது வரட்டும் என்று அது நிற்க, "நீங்க வாங்க", "இல்லீங்க, நீங்க வாங்க" என்று ஒரே உபசாரம். இந்தத் தப்பை வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார்.

சிரித்துக்கொண்டே திருத்தினாள். எதிர்ப்பக்கத்துப் புள்ளிக்கு அங்கேயே துணை கிடைத்தது, அது தாண்டி வந்து சேர்ந்தது. கனகம் நின்றாள். மத்தியானத்தில் மில்லிலிருந்து வெளியே வருகிறவள் அவள் ஒருத்திதான்.

4

"தாண்டாத புள்ளி கணக்குல வராதுங்ணா. மத்தியானம் ஆளே தாண்டலைன்னு காட்டும். அப்புறம் அந்த இடைவெளியை மூடிப்போடுவாங்க."

"நின்னவங்களையும் எண்ணிக் குடுக்கறது?"

"அதிகாரிங்க கேட்டது தாண்டறவங்களை மட்டுந்தானுங்ணா."

"அப்ப நீயே அதைத் தள்ளி உட்டுரு."

"நானாத் தள்ளி உட்டா, தாண்டறது நானுங்ணா. அதில்லை."

சாவியை வாங்கி வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் மரியாதையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

5

முடிவு அ: கனகம் பொறுமையிழந்து தனியாக இறங்குகிறாள். ஈரோட்டுப் பேருந்து ஒன்று வேகமாக

(நிறுத்திவிட்டேன். பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். எனக்குக் கை வரவில்லை.)

முடிவு ஆ: "கனகம் சாலையைத் தாண்டினாள்."

(அடித்துவிட்டேன். கிளாடிஸ் செய்யாததை நான் செய்யலாமா?)

முடிவு இ: நானே போய் அவள் பக்கத்தில் நிற்கிறேன். (ஆசைதான். ஆனால் அவள் தலையாட்டினால் அதையும் நான்தான் எழுத வேண்டும். அது துணையாகாது.)

6

கனகம் நிற்கிறாள். பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறாள். எதிரே பொன்னாத்தாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம்வரை வந்துவிட்டாள். லாரிச் சத்தத்தில் குழந்தையின் அழுகை கேட்கவில்லை, வாய் திறந்திருப்பது மட்டும் தெரிகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. இடைவேளை முடியப் போகிறது.

இந்தக் கதையில் நான் உண்டாக்காத ஆள் ஒருவர் இருக்கிறார். இதைப் படித்துக்கொண்டு நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். அடுத்த நொடி என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது.

பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்து கனகம் திரும்புகிறாள். உங்களைத்தான் பார்க்கிறாள்.

"ஏனுங்க, தாண்டறீங்களா?"