குப்பம்மா கொடுத்த கிண்ணம்

என் நாத்தனார் குப்பம்மா எதைக் கொடுத்தாலும் நான் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். ஏன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. என் கல்யாணப் புடவையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்டுக்குப்பத்தில் எங்களுக்கு அடுத்த தெருதான் அவள் வீடு.

அதனால், என் மகள் வினிதாவின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. வினிதாவுக்கு நாலு வயது. இரண்டு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நாங்கள் பூச்சி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"இப்படியே போனா மூளைய பாதிக்கும். எதுலேர்ந்து வருதுன்னு பார்த்து நிறுத்தணும். வீட்ல பழைய பாத்திரம் ஏதாவது புழங்குறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இருந்ததே. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குப்பம்மா கொண்டுவந்த பித்தளைக் கிண்ணம். ராயபுரத்துப் பழைய சாமான் கடையில் பிடித்தாளாம், வெள்ளைக்காரன் காலத்துக் கப்பலில் கிடந்ததாம். அதில்தான் பிள்ளை கூழ் குடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். என் வீட்டுக்காரர் பாஸ்கர் வலைக்கு ஈயக் குண்டு கட்டிக்கொண்டிருந்தார். குண்டைப் பல்லில் வைத்து நசுக்கியபடியே, "சுத்தி கரண்ட் ஆலை சாம்பலு இத்தினி பறக்குது, எங்க அக்காதான் கெட்சாளா உனக்கு?" என்றார்.

"சாம்பலு ஊருக்கே பறக்குது. எம் புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்கு வந்துச்சு?"

"ஈயந்தான? நாங்க பொறந்ததுலேர்ந்து கடிச்சுகினு கீறோம்."

"அது நம்ம ஈயம். இது கப்பல் ஈயம்."

சொன்னபோது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் வலைக் குண்டுக்குப் பயப்படுவது உப்புக்குப் பயப்படுவது மாதிரி.

சாயங்காலம் குப்பம்மா நெத்திலி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"நீ குடுத்த கிண்ணத்தாலதான் புள்ள ரத்தத்துல ஈயம். இனிமே இந்த வூட்டுக்கு ஒண்ணும் எடுத்தார வேணா அண்ணி. புள்ளையாவது மிஞ்சட்டும்."

அவள் முகம் செத்துப்போனது. உள்ளே எட்டிப் பார்த்தாள். அலமாரியில் என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த வெண்கலச் சொம்பு இருந்தது. அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது.

"கிண்ணத்த தூக்கிப் போட்டுக்க மே. அந்தச் சொம்பையும் ஒருவாட்டி டாக்டராண்ட காட்டிடு."

பார்த்தீர்களா கொழுப்பை? அவள் கிண்ணத்தைச் சொன்னால் என் அம்மா சொம்பை இழுக்கிறாள். கதவைச் சாத்தினேன். அதுவரை எப்போதாவது எடுக்கும் சொம்பை, அன்றிலிருந்து வேண்டுமென்றே தினமும் எடுத்தேன். காலையிலேயே மோரை அதில் நிரப்பி வைத்து, இரண்டு வேளையும் பிள்ளைக்கு நானே புகட்டினேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அளவு இரண்டு மடங்காகியிருந்தது. ராத்திரி வந்து குப்பம்மா எதையாவது கலக்குகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

வீட்டைச் சோதிக்க ஆஸ்பத்திரியிலிருந்து சங்கமித்ரா என்ற பெண்ணை அனுப்பினார்கள். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின்; ஈயம் இருந்தால் கத்துமாம். முதல் வேலையாகப் பரணிலிருந்து கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.

"இது இல்லக்கா. இதுல ஒண்ணும் பெருசா காட்டல."

"நல்லா பாரும்மா."

மூன்று தடவை பார்த்தாள். சுவர், கதவு, பொம்மை எல்லாம் முடித்துச் சொம்பிடம் போனாள்.

"அத்த விட்டுடு. அது எங்கம்மாது."

அவள் கேட்கவில்லை. சொம்பின் உள்ளே அடிப்பக்கம் வைத்ததும் மெஷின் கத்தியது. "உள்ள அடைச்சிருக்கே, யாருக்கா வச்சது?"

போன பொங்கலுக்குச் சொம்பு ஒழுகியது. பாத்திரக்காரனிடம் கொடுக்க மனசு வரவில்லை. நாலு வலைக் குண்டைக் கரண்டியில் உருக்கி ஊற்றி, தட்டிச் சமமாக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தெருவெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். குப்பம்மாவிடமும் காட்டினேன்.

"நான்தான்," என்றேன்.

"புளிப்பு எதனா வைப்பீங்களா இதுல?"

"மோரு."

"புளிப்பு பட்டா ஈயம் கரைஞ்சு எறங்கும்க்கா," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். குண்டு மூட்டையையும் வீட்டைவிட்டு எடுக்கச் சொன்னாள்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குப்பம்மா வீட்டுக்குப் போனேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"சொம்புதான் அண்ணி," என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. "அன்னிக்கே இன்னும் ரெண்டு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாசப்படிய தாண்ட வுட்டியா மே நீ?"

எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து பிள்ளையின் வாயில் வைத்தாள். வினிதா டம்ளரைத் தள்ளிவிட்டு என்னிடம் கையை நீட்டினாள். அம்மா கொடுக்கிற சொம்பு மோர்தான் வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள்.