பீடி என்று எழுதவில்லை

மருந்துக்கடைக் கண்ணாடியின் மேல் சீட்டை வைத்துவிட்டு, சாமுண்டீஸ்வரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். முகப்பேரில் இரண்டு வீடுகளில் சமையலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். கரையான்சாவடி மெயின் ரோட்டில் சாயங்கால நெரிசல் ஆரம்பித்திருந்தது. கடையில் நின்ற அகல்யா மருந்தியல் படித்த பெண். எந்த டாக்டரின் கிறுக்கலையும் தடுமாறாமல் படித்துவிடுவாள். மாத்திரைகளையும் வாயில் அடித்துக்கொள்ளும் பம்ப்பையும் அவள் எடுத்து வைத்தபோது, சாமுண்டீஸ்வரி சீட்டின் முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள்.

“இது இன்னா பாப்பா? இன்னிக்கு எங்காளு மட்டும்தான் டாக்டராண்ட போனாரு. கேட்டா, ஏதோ இங்கிலீசு பேருன்றாரு.”

“சிலிகோசிஸ். நுரையீரல்ல வர்றது ஆன்ட்டி.”

“அப்டின்னா?”

அகல்யா கொஞ்சம் யோசித்தாள். “லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல சிக்கிமுக்கிக் கல்லுக்கு சிலெக்ஸ்னு பேரு. அதுலருந்து வந்ததுதான் சிலிகா. மணல்ல இருக்கறது அதான். பின்னாடி ‘ஓசிஸ்’னு சேர்த்தா நோய்னு அர்த்தம், அது கிரேக்கம். மணல்தூள் மூச்சோட உள்ள போய் அங்கியே தங்கிடும். தங்கின எடமெல்லாம் தழும்பாயிடும். அங்கிள் என்ன வேலை பார்த்தாரு?”

“பாடியில இரும்பு வாக்குற கம்பெனி. மண்ணு அச்சுல ஊத்தி எடுப்பாங்க இல்ல, அந்த சாமான்ல ஒட்டிக்கினு கீற மண்ண மெசின வச்சி அடிச்சி எடுக்கணும். இருபத்தாறு வருசம்.”

அகல்யா மருந்துகளைக் கவரில் போட்டாள். சாமுண்டீஸ்வரி நகரவில்லை.

“இதுல பீடின்னு எங்கியும் எய்தலியா?”

“இல்ல ஆன்ட்டி. பீடி புடிச்சா இன்னும் மோசமாகும். ஆனா இது வந்தது மண்ணால. பேர்லயே அதான் இருக்கு.”

கவரை வாங்கிக்கொண்டு அவள் ரோட்டோரமாக நடந்தாள். கல்யாணமான புதிதில் நாகப்பன் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பான். மகள் விஜி பிறந்த அன்று விட்டுவிட்டேன் என்றான். அவளும் நம்பினாள், ஆறு வருடங்களுக்கு முன்னால் இருமல் வரும்வரை. அதன்பின் சட்டைப்பையைத் துழாவினாள், துவைப்பதற்கு முன் காலரை முகர்ந்து பார்த்தாள். பெட்டிக்கடை பேபியிடம் போய்ச் சண்டை போட்டாள். “அண்ணாத்தே எங்கிட்ட பீடி வாங்கி பல வருசமாவுது” என்று பேபி சொன்னதைக் காசுக்காகச் சொல்லும் பொய் என்றே நினைத்தாள். விஜியின் மாமியார் வீட்டார் விருந்துக்கு வந்த அன்று, அவன் சாப்பாட்டுக்கு நடுவில் இருமத் தொடங்க, அத்தனை பேர் எதிரிலும், “நீ போய்ச் சேர்றப்போ ஒரு கட்டு பீடியயும் சேத்து வச்சி அனுப்புறேன்யா” என்றாள். அவன் தலை நிமிராமல் எழுந்து போய்க் கை கழுவினான். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அந்த இலை இப்போது அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்குள் நாகப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். மூச்சுவிடத் தோள்கள் ஏறி இறங்கின.

“பீடிய எப்போ உட்ட?” என்றாள்.

“விஜி பொறந்தப்போ. சொன்னேனே.”

“இது மண்ணால வந்துதுன்னு உனக்குத் தெரியுமா?”

எதையும் பேசுவதற்கு முன் அவன் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. “எங்கூட வேல செஞ்சானே வெங்கட்டு, அவனுக்கும் இதான். அவன் செத்தப்பவே தெரியும்.”

வெங்கட் போய் மூன்று வருடமாகிறது. அந்தச் சாவுக்கு இரண்டு பேருமாகத்தான் போய் வந்தார்கள்.

“அப்புறம் எதுக்குய்யா எங்கிட்ட இவ்ளோ பேச்சு வாங்கிக்கினு கீற?”

“பீடின்னா திட்டுவ. மண்ணுன்னா அழுவ.” நிறுத்தி மூச்சு வாங்கினான். “நீ திட்டிக்கினு இருந்தா ஊடு எப்பவும்போல கீது.”

அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைத்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். பிறகு போனை எடுத்து ஆவடியில் இருக்கும் மகளைக் கூப்பிட்டாள்.

“விஜி, உங்கப்பாவுக்கு வந்து கீறது பீடியால இல்ல. அதுக்குப் பேரு…” சீட்டைப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. “சி… சிலி…”

“கோசிஸ்” என்றான் நாகப்பன் நாற்காலியிலிருந்து.

“சிலிகோசிஸ். மண்ணுன்னு அர்த்தமாம். நீ பொறந்ததுலருந்து அவரு பீடிய தொடவே இல்ல. நாந்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன். உங்க மாமியாராண்டயும் சொல்லிடு. இல்ல வேணாம், ஞாயித்துக்கெழம நானே வந்து சொல்றேன்.”

மறுமுனையில் விஜி ஏதோ கேட்டாள். “அத அப்புறம் பேசலாம்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பம்ப்பை எப்படி அடிப்பது என்று அகல்யா காட்டியிருந்தாள். குலுக்கி, அவன் வாயில் வைத்து, அவன் மூச்சை இழுத்த நேரம் பார்த்து அழுத்தினாள். “உள்ளியே வச்சிக்க. பத்து எண்ணு.” அவனால் நான்குக்கு மேல் முடியவில்லை. இரண்டாம் முறை ஐந்து வந்தது.

முன்னால் சாய்ந்து உட்காருவதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு, அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. குடங்கள் ஒன்றோடொன்று மோத, எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடினார்கள்.

“லாரி வந்திருச்சி” என்றான்.

“வரட்டும்.”

அவள் கைக்கு அடியில் விலா எலும்புகள் மெல்ல மேலேறி, பாதியில் நின்று, இறங்கின. அவள் கையை எடுக்காமல் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.