வாய்க்காலில் இறங்கிய பிறசர்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. கர்ப்பிணிகளுக்கான நீர்ப்பயிற்சி பற்றித் துண்டுப்பிரசுரம் ஒன்று கேட்டார்கள். ‘நெஞ்சளவு நீரில் நடந்தால் கால்வீக்கம் வடியும், இதயத்துக்கு இரத்தம் இலகுவாகத் திரும்பும், இரத்த அழுத்தம் சற்று இறங்கும்’ என்று எழுதினேன். அடுத்த வரிக்குள் ஜெயரூபி என்று ஒருத்தி வந்து நின்றாள். போகச் சொன்னேன், கேட்கவில்லை.

2.
முதல் தொடக்கம்: கிளிநொச்சியில், ஒரு நீச்சல் தடாகத்தில்... (வேண்டாம். ஏழு மாத வயிற்றோடு தடாகம் தேடிப் போக அவளுக்கு விசரா?)

இரண்டாவது: சிறுபோக நெல்லுக்குக் குளம் திறந்துவிட்ட காலம். வாய்க்காலில் ஜெயரூபி மார்புக்கு மேல் குறுக்குக்கட்டோடு தண்ணீரை எதிர்த்து நடக்கிறாள். கரையேறும்போது கால் இலேசாக இருக்கிறது. பிரசுரத்துக்கு ஏற்ற பெண் என்று மகிழ்ந்தேன்.

3.
மகிழ்ந்தது என் பிழை. அவள் நடப்பது கிளினிக் நாட்களில் மட்டும். கரையேறிய கையோடு உடுப்பு மாற்றி, கணவன் நிருஷனின் மோட்டார் சைக்கிளில் போய், பிறசர் பார்க்கக் கையை நீட்டுவாள். இரத்த அழுத்தம் இறங்கி நிற்கும். மற்ற நாட்களில் தலையிடி, கண்ணுக்குள் பூச்சி பறக்கும். நிருஷனுக்கும் சொல்லவில்லை.

போன கர்ப்பத்தில் பிறசர் என்று ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்தார்கள். வெறுங்கையோடு வீடு வந்தாள். (இந்த வரியை மூன்று முறை வெட்டினேன். மூன்று முறையும் அவள் திரும்ப எழுதவைத்தாள்.) வாட்டுதான் பிள்ளையைத் தின்றது என்று நம்புகிறாள், திரும்ப அங்கே மறிபடக்கூடாது என்றுதான் இந்த நடை. அந்த நம்பிக்கை பிழை. ஆனால் அந்தக் கட்டிலில் நான் கிடக்கவில்லையே.

4.
இன்று கிளினிக்கில் மருத்துவமாது நாகேஸ்வரி அவள் கையிலிருந்து பிறசர் பார்க்கும் பட்டியைக் கழற்றினார்.

“நூற்றி இருபது. நல்லாயிருக்கு.” பிறகு ஈரத் தலையைப் பார்த்தார். “குளிச்சிட்டே வந்தனீங்கள்?”

“ஓம் மிஸ். வாய்க்காலில கொஞ்சம் நடந்தனான்.”

“ஒவ்வொரு கிளினிக்குக்கும் நடந்திட்டுத்தான் வாறனீங்களோ?”

ஜெயரூபி ஈரத் தலைமயிரை அள்ளி முடிந்தாள்.

“அந்தக் கதிரையில இருங்கோ பிள்ளை. அரை மணித்தியாலத்தால திரும்பப் பாப்பம். அப்பதான் சரியான அளவு தெரியும்.”

5.
முடிவு ஒன்று: இருந்தாள். பிறசர் ஏறியது. வாட்டில் மறித்தார்கள். பிள்ளை வீரிட்டு அழுத... (இது பிரசுரத்தின் முடிவு. அவளுக்கு இதை என்னால் உறுதி சொல்ல முடியாது.)

முடிவு இரண்டு: எழும்பிப் போனாள். அன்று பின்னேரம் குசினி அடுப்படியில் வலிப்பு... (முடிக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.)

பத்து நிமிடம் போய்விட்டது. நாகேஸ்வரி அடுத்த தாயைப் பார்க்கிறார். ஜெயரூபி குனிந்து செருப்பைத் தேடுகிறாள். என்னால் வரிகளைத்தான் வெட்ட முடியும், அவளை மறிக்க முடியாது. பக்கத்துக் கதிரையில் இருப்பது நீங்கள். அவளோடு ஏதாவது கதையுங்கள். இன்னும் இருபது நிமிடம்தான்.