வாசல் மணிக்கு ஒரு மார்க்

வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். நாளுக்கொரு சங்கதி வேண்டும். யாராவது பிறந்திருக்க வேண்டும், எதையாவது கண்டுபிடித்திருக்க வேண்டும், குறைந்தது எங்கேயோ ஒரு பாலமாவது திறந்திருக்க வேண்டும். அதையெல்லாம் தேடிப் பிடித்து, தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு வரிக்குள் அடக்குவதுதான் தேதி அக்காவின் வேலை. அச்சகத்தில் அவளுக்கு அந்தப் பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஜூன் 17-க்கு எழுதி வைத்திருந்த சங்கதியை முதலாளி கடைசி நேரத்தில் அடித்துவிட்டார். போன வருஷமே வந்துவிட்டதாம். இயந்திரம் காத்திருக்கிறது, பத்து நிமிஷத்துக்கொரு தடவை ஃபோர்மேன் போன் செய்கிறார், அக்கா வீட்டில் புரூப் தாள்களோடு மண்டை காய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணி. விட்டு விட்டு அடித்தாலாவது பரவாயில்லை. வைத்த விரலை எடுக்காத அடி. பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கை. அப்போது அவளுக்குப் பதினைந்து வயசு. "வர்றேன்டி, சனியனே!" என்று கத்திக்கொண்டே அக்கா கிறுக்கினாள்: '1794: உலகின் முதல் வாசல் மணி பொருத்தப்பட்ட நாள்.'

அன்றைக்குச் சாப்பிடும்போது தங்கையிடம் சொல்லி இரண்டு பேரும் புரையேறச் சிரித்தார்கள்.

அந்தப் பொய் சும்மா இருந்ததா? அடுத்த வருஷம் இன்னொரு காலண்டரில் வந்தது. அப்புறம் பொது அறிவு கைடுகளில், ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்து, ஏழெட்டில். வாசல் மணி செய்யும் ஒரு கம்பெனி ஜூன் 17-ஐ விழாவாகவே கொண்டாடியது. அக்காவுக்கு முதலில் சிரிப்பு. மறைப்பானேன், கொஞ்சம் பெருமைகூட.

இப்போது தங்கைக்கு முப்பத்து நாலு. நூலகர் வேலைக்கான அரசுத் தேர்வை இதோடு ஐந்து தடவை எழுதிவிட்டாள். வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. விடைப்பட்டியல் வெளியானதும் கூட்டிப் பார்த்தாள். கட் ஆஃப் நூற்றுப் பதினெட்டு என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு நூற்றுப் பதினேழு.

அறுபத்தோராவது கேள்வி, உலகின் முதல் வாசல் மணி பொருத்தப்பட்ட ஆண்டு. சரியான விடை 1794 என்று போட்டிருந்தது. தங்கை குறித்திருந்தது, 'மேற்கண்ட எதுவும் இல்லை'.

"ஏன்டி, கைடுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி?"

"அது பொய்யின்னும் தெரியுமேக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். துணி மடிக்கப் போய்விட்டாள். அழுதிருந்தால் தேற்றலாம், திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். அவள் இன்னும் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்பது மட்டும் அக்காவுக்குத் தெரிந்தது. அது என்னவென்றும் தெரிந்தது. அதைக் காதால் கேட்காமல் இருக்கவாவது இந்த ஒரு மார்க்கை வாங்கிவிட வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே தேர்வு அலுவலகத்தில் போய் நின்றாள்.

ஆட்சேபணைப் பிரிவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "விடை தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? இத்தனை புத்தகத்துல இருக்கே."

"அதெல்லாம் என் காலண்டரைப் பார்த்துப் போட்டது சார்."

"காலண்டர்ல இருக்குல்ல? அப்புறம் என்ன?"

"அது நான் இட்டுக்கட்டினது சார்!"

"நீங்க பொய் எழுதுறவங்களா?"

"அன்னைக்கு ஒரு நாள் எழுதினேன்."

"அப்போ இன்னைக்குச் சொல்றது நிஜம்னு நான் எப்படிம்மா நம்புறது?"

பொய் சொன்னபோது ஒரு பயல் ஆதாரம் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல வந்தால் மூன்று பிரதி, கையொப்பத்தோடு வேண்டுமாம்! இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

முதலாளியிடம் ஒரு கடிதம் கேட்டாள். "நம்ம காலண்டர்ல தப்பு இருக்குன்னு நானே எழுதித் தரணுமா? நல்லா இருக்கும்மா நீ சொல்றது," என்று அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எதிர்முனையில் ஆளே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.

ஆட்சேபணைக்குக் கடைசி நாளன்றுதான் ஆதார நோட்டு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சங்கதியையும் எங்கிருந்து எடுத்தாள் என்று தேதிவாரியாக எழுதிவைக்கும் நோட்டு. அச்சகத்துப் பரணில் ஏறி, தும்மித் தும்மி, பத்தொன்பது வருஷத்துப் பழசை இழுத்துப் போட்டாள். ஜூன் 17-க்கு நேரே, ஆதாரம் என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து: 'நம்ம வீட்டு வாசல் மணி. அடித்தவள் தங்கை. பிசாசு, விரலை எடுக்கவே இல்லை.' பக்கத்தின் கீழே முதலாளியின் கையெழுத்து. படிக்காமல் போட்டிருக்கிறார், மகராசன்.

கண்ணாடிக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. எழுந்து, நோட்டோடு உள்ளே போனார். வெளியே வந்து முத்திரை குத்திக் கொடுத்தார். "குழு பார்க்கும்மா. நியாயம் உங்க பக்கம்தான்."

அன்றைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்தாம் நாள் அறிவிப்பு வந்தது. அறுபத்தோராவது கேள்வி தவறானது. ஆகவே தேர்வெழுதிய அனைவருக்கும், என்ன விடை எழுதியிருந்தாலும், 1794 என்று எழுதி ஏற்கெனவே மதிப்பெண் பெற்றிருந்தாலும், மேற்கொண்டு ஒரு மதிப்பெண் கூட்டப்படுகிறது. கட் ஆஃப் இனி நூற்றுப் பத்தொன்பது. அக்கா கண்ணாடிக்காரருக்குப் போன் செய்து கத்தினாள்.

"எல்லாருக்கும் எதுக்கு சார்? சரியா எழுதினவளுக்குத்தானே கொடுக்கணும்?"

"கேள்வியே தப்புன்னா எல்லாருக்கும் பொதுவாத்தான் கொடுப்போம். விதி அப்படி மேடம்."

"அப்போ நான் சொன்னது உண்மைன்னு ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கிட்டோம்."

"ஒத்துக்கிட்டு?"

அவர் போனை மெதுவாக வைத்துவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார். அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனதுதான் அக்காவுக்கு இன்னும் எரிந்தது.

சாயங்காலம் வாசல் மணி ஒரே ஒரு தடவை அடித்தது. யாரோ என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். தங்கை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வந்து மேஜை எதிரில் உட்கார்ந்தாள். மேஜையில் அடுத்த வருஷத்துப் புரூப். முதலாளி ஜூன் 17-ஐ அடித்து, 'வேறு ஏதாவது போடவும்' என்று எழுதி அனுப்பியிருந்தார்.

"பார்த்தியா?" என்றாள் அக்கா.

"பார்த்தேன். எனக்கு நூற்றுப் பதினெட்டு."

"மேல்முறையீடு பண்ணலாம்டி. நான் நாளைக்கே போய்..."

"போதும்க்கா."

"இல்லடி, விதின்னா அதுக்கும் ஒரு..."

"அது பொய்யின்னு அன்னைக்கு என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்ல நீ?"

இருபது நாளாக எந்த வார்த்தைக்குப் பயந்து அக்கா ஊரெல்லாம் சண்டை போட்டாளோ, அது வந்துவிட்டது. பதில் தயாராகத்தான் இருந்தது. எனக்கு அன்னைக்கு என்னடி தெரியும், சிரிக்கத்தானே சொன்னேன், நீயும்தானே சிரிச்சே. அத்தனையையும் மனசுக்குள்ளேயே அடித்துவிட்டாள்.

"சொல்லியிருக்கக் கூடாதுதான்டி," என்றாள்.

தங்கை தலையை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அக்கா புரூப் தாள் நனையாமல் ஒதுக்கப் போனாள். அப்புறம், நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டாள்.